11 வயதில் 48 கிலோ: "வளர வத்திடும்" என்று காத்திருக்கலாமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 11 வயது, ஏழாம் ஆண்டு. உயரம் 140 சென்ரிமீற்றர், நிறை 48 கிலோ. பள்ளிக்கூடத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவை 'உடற்பருமன்' எண்டு எழுதித் தந்தவை, விட்டால் இருதயத்துக்குக் கூடாது எண்டும் சொன்னவை. மாமி சொல்லுறா, வளர வளர வத்திடும், பிள்ளையின்ர சாப்பாட்டில கை வையாதேங்கோ எண்டு. மாமாவுக்கு 51 வயதில ஹார்ட் அற்றாக் வந்தது. பதினொரு வயசுப் பிள்ளைக்கு இருதய வருத்தம் வருமோ? நான் என்ன செய்யவேணும்?"

தங்கச்சி, உங்கள் மகனுக்கு இப்போது மாரடைப்பு வரப்போவதில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஆனால் ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அந்த வருத்தம் ஐம்பதில் தொடங்கவில்லை. அது தொடங்கும் வயதில்தான் உங்கள் மகன் இப்போது இருக்கிறான். இதைத் திருப்பிவிடக்கூடிய வயதும் இதுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. 48ஐ 1.4 × 1.4 ஆல் பிரித்தால் 24.5. பெரியவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தெரியாது. பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 11 வயது ஆண் பிள்ளைக்கு 19ஐச் சற்றுத் தாண்டினால் அதிக எடை, 22.5ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆகவே பள்ளிக்கூடத்தில் எழுதித் தந்தது சரிதான்.

இன்னொன்றை வீட்டிலேயே பாருங்கள். மகனின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டி, அதை இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றுங்கள். நூல் எட்டினால் நல்லது. எட்டவில்லை என்றால் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றி, சேர்ந்திருக்கிறது. கையிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பைவிட நாடிகளுக்குத் தொல்லை தருவது இந்த வயிற்றுக் கொழுப்புத்தான். எங்கள் சனத்துக்கு இந்த அளவு மிக முக்கியம். தெற்காசியர்களுக்கு அதே நிறையில் வெள்ளைக்காரரைவிடக் கொழுப்பு கூட, தசை குறைவு. பார்வைக்கு மெலிந்த எத்தனையோ பேர் சலரோகத்தோடு கிளினிக் வாங்கில் இருப்பது இதனால்தான்.

நாடிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், நாடியின் உட்சுவர் மிக மெல்லிய ஒரு படை. குருதி வழுக்கிக்கொண்டு ஓடுவது அதன் மேல்தான். குருதியில் கெட்ட கொலஸ்ரரோல் கூடும்போதும், இரத்த அழுத்தம் அந்தச் சுவரில் மோதும்போதும், சீனியைக் கையாள உடல் வழமையைவிடக் கூட இன்சுலினைச் சுரக்கும்போதும் அந்தப் படை பழுதாகிறது. பழுதான இடத்தால் கொலஸ்ரரோல் சுவருக்குள் போகிறது. அதைத் துப்புரவாக்க வரும் வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்கி, வீங்கி, அங்கேயே தங்கிவிடுகின்றன. வெட்டிப் பார்த்தால் மஞ்சள் கோடுபோலத் தெரியும். கொழுப்புக் கோடு என்பது அதுதான். ஆண்டுகள் போகப்போக அதன்மேல் நார் இழையம் மூடி, மேடாகி, குழாயை ஒடுக்கும். ஒருநாள் அந்த மேடு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்தால் மாரடைப்பு.

இது முதியவர்களின் நோய் என்றுதான் ஒருகாலத்தில் நினைத்திருந்தார்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படையினரின் இதயங்களை வைத்தியர்கள் வெட்டிப் பார்த்து 1953இல் அறிக்கை எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் முடியுரு நாடிகளில், அதாவது இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் நாடிகளில், நோயின் அடையாளம் இருந்தது. எல்லோரும் ஓடி ஆடித் திரிந்த இளைஞர்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் லூசியானாவில் பொகலூசா என்ற ஊரில் ஜெரால்ட் பெரன்சன் என்ற வைத்தியர் 1973இல் பிள்ளைகளை அளக்கத் தொடங்கினார். நிறை, அழுத்தம், கொலஸ்ரரோல் எல்லாம் ஆண்டுக்கணக்காகப் பதிந்தார்கள். அவர்களில் விபத்துப் போன்ற காரணங்களால் இறந்தவர்களின் நாடிகளையும் பரிசோதித்தார்கள். 2 முதல் 39 வயது வரையான 204 பேரின் முடிவு 1998இல் வெளிவந்தது. 2 முதல் 15 வயதுக்குள் இறந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முடியுரு நாடியில் கொழுப்புக் கோடு இருந்தது. பருமன், அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் ஆகியவற்றில் மூன்று நான்கு சேர்ந்திருந்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிட அந்தக் கோடுகள் பரவியிருந்த அளவு 8.5 மடங்கு.

இதைப் படித்துவிட்டு இரவு நித்திரை கொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். கொழுப்புக் கோடு பாதிப் பிள்ளைகளுக்கு இருந்ததென்றால், மெலிந்த பிள்ளைகளுக்கும் இருந்திருக்கிறது என்றுதானே பொருள். கோடு இருந்தால் மட்டும் நோய் இல்லை, அது கரைந்தும் போகும். அது மேடாகுமா, கரையுமா என்பதை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நாடி எதற்குள் ஊறிக் கிடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

மாமி சொல்வதற்கு இப்போது வருகிறேன். டென்மார்க்கில் கொப்பன்ஹேகன் பள்ளிக்கூடங்களின் பழைய பதிவேடுகளில் இருந்து 276,835 பிள்ளைகளின் நிறை, உயரத்தை எடுத்து, அவர்கள் வளர்ந்த பிறகு யாருக்கு இதயநோய் வந்தது என்று பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில், பிள்ளைப் பருவத்தில் சுட்டி கூடக்கூடப் பிற்கால இதயநோயும் கூடியது. அதிலும் 7 வயதுப் பருமனைவிட 13 வயதுப் பருமன் பிற்கால நோயோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. ஆறு வயதில் மாமி இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று நானும் சொல்லியிருப்பேன். 11 வயதில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வத்தினால்? அதற்கும் பதில் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த பதில். அமெரிக்கா, பின்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நான்கு நீண்டகால ஆய்வுகளில் இருந்த 6,328 பேரைச் சேர்த்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள். சராசரி 23 ஆண்டுகள் பின்தொடர்ந்திருந்தார்கள். சிறுவயதில் பருமனாக இருந்து, பெரியவரான பிறகும் பருமனாகவே இருந்தவர்களுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் கெட்ட கொலஸ்ரரோலும் கழுத்து நாடித் தடிப்பும் கூட. சிறுவயதில் பருமனாக இருந்து, பெரியவராகும்போது பருமன் நீங்கியவர்களுக்கோ, ஒருபோதும் பருமனாக இருக்காதவர்களோடு ஒத்த அளவுதான். நாடி பழசை மன்னித்துவிடுகிறது, நேரத்துக்கு நிறுத்தினால்.

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சீனி ஒரு கிலோ வாங்க வழியில்லாமல், பால்மா தேடி அலைந்து, 1995 ஒக்ரோபர் 30 இரவு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட தலைமுறை அது. ஒட்டின வயிறோடு இருந்த பிள்ளைகளைப் பார்த்த கண்ணுக்குக் கொழுகொழுவென்ற பேரன் ஒரு நிம்மதி. "நாவூறு படப்போகுது" என்று நெற்றியில் பொட்டு வைக்கிற அதே அன்புதான் இன்னுமொரு அகப்பை சோற்றையும் போடுகிறது. அவவிடம் "சாப்பாடு குடாதேங்கோ" என்று சொன்னால் அவவுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். "மாமாவுக்கு 51இல வந்தது இவனுக்கு வரக்கூடாது மாமி, நீங்கள்தான் உதவி செய்யவேணும்" என்று கேளுங்கள். பழைய சமையலை உங்களைவிட அவவுக்குத்தான் தெரியும். அது இப்போது எங்களுக்கு வேண்டும்.

அந்த 51 வயதை நான் சாதாரணமாக விடமாட்டேன். ஆணுக்கு 55க்கு முன், பெண்ணுக்கு 65க்கு முன் மாரடைப்பு வந்தால், அந்தக் குடும்பத்தில் கொலஸ்ரரோல் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு அப்படியான பரம்பரைக் கொலஸ்ரரோல் இருக்கிறது, அது மெலிந்த பிள்ளைக்கும் இருக்கும். ஆகவே மாமாவின் மகனான உங்கள் கணவரின் கொலஸ்ரரோலையும் பாருங்கள். அதில் கெட்ட கொலஸ்ரரோல் மிக உயர்ந்திருந்தால், மகனுக்குத் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களுக்கும் பார்க்கவேண்டும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பிள்ளையின் பிடரியில், கக்கத்தில், தோல் கறுத்து வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கிறதா? பல தாய்மார் அதை ஊத்தை என்று நினைத்துப் பயத்தம்மா போட்டு, பீர்க்கஞ்சக்கையால் தேய்த்து, பிள்ளையை அழவைத்திருக்கிறார்கள். அது ஊத்தை இல்லை. இன்சுலின் கூடச் சுரப்பதன் அடையாளம். தேய்த்துப் போகாது, நிறை சரிவரத் தானாக மங்கும். அடுத்தது குறட்டை. குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்பி, பகலில் வகுப்பில் தூங்குகிறான் என்றால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவும் அழுத்தத்தைக் கூட்டும்.

"சுரப்பிப் பிரச்சினையோ, தைரொயிட்டோ" என்று கேட்காத தாய் இல்லை. உங்கள் மகனின் உயரம் வயதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டால் பருமனாகும் பிள்ளை பொதுவாக உயரத்தில் குறையாது. உயரமும் நின்று, நிறையும் ஏறினால்தான் சுரப்பியைத் தேடவேண்டும்.

இனிச் சாப்பாடு. உங்கள் மகனின் நிறையை நீங்கள் குறைக்கவே தேவையில்லை! 48 கிலோவில் பிடித்து வைத்திருந்தால் போதும். இப்போது 140 சென்ரிமீற்றர். இரண்டு ஆண்டில் 155க்கு வந்தால், அதே 48 கிலோவுக்குச் சுட்டி 20. 13 வயதுக்கு அது சாதாரண அளவுக்குள் வந்துவிடும். வளர்கிற பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற சலுகை இது. எங்களுக்கு இனிக் கிடைக்காது. ஆகவே பட்டினி போடுவது, காலைச் சாப்பாட்டை நிறுத்துவது, விளம்பரத்தில் வரும் மெலியவைக்கும் மாவு வாங்குவது, கிழமைக்கு மூன்றுதரம் தராசில் ஏற்றுவது எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை நிறையும் உயரமும் பாருங்கள்.

முதலில் குடிக்கிறதைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள சோடா ஒரு 400 மில்லிலீற்றர் போத்தல் என்றால் 40 கிராம், கிட்டத்தட்ட 8 முதல் 10 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளாந்தச் சக்தியின் பத்திலொன்றுக்குள், முடிந்தால் இருபதிலொன்றுக்குள் வைக்கச் சொல்கிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 50 கிராம், குறைத்தால் 25. ரியூசன் இடைவேளையில் ஒரு சோடா, காலையும் மாலையும் சீனி போட்ட மோல்ற் பால், பின்னேரம் ஒரு தேத்தண்ணி என்றால் எல்லை எங்கோ போய்விடும். 2016இல் இருந்து எங்கள் நாட்டில் சோடாப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி போடுகிறார்கள். அதை மகனுக்கே பார்க்கப் பழக்குங்கள், பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர். ஜூசும் சோடாவும் என் கணக்கில் அண்ணன் தம்பி. கறுத்தக்கொழும்பான் காலத்தில் ஒரு மாம்பழத்தைக் கடித்துச் சாப்பிடட்டும், அடித்து வடித்துச் சீனி போட்டுக் குடிக்கவேண்டாம்.

பனங்கட்டி நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் சீனிதான், நாடிக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார்களே, அந்தப் பழக்கத்தை நான் மெச்சுவேன். மூன்று கரண்டி கரைப்பதைவிட ஒரு கடி குறைவு.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை ஒன்றும் கொடுக்காமல் ரியூசனுக்கு அனுப்பினால், அவன் வாசலில் றோல்ஸும் பற்றீஸும் வாங்கத்தான் செய்வான். அது அவன் பிழை இல்லை, பசி. பின்னேரம் புறப்படமுன் அவித்த கடலை, பயறு, ஒரு முட்டை, கொய்யாப்பழம், வாழைப்பழம் என்று வயிறு தாங்குகிற ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். இரவு ஒன்பதரைக்கு வந்து கோதுமைமாப் புட்டைக் குழம்பிலும் சொதியிலும் குழைத்து ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் நான் காணும் பெரிய சிக்கல். இரவு அளவைப் பாதியாக்கி, பக்கத்தில் கீரையையும் மீனையும் கூட்டுங்கள். புட்டுக்குக் குரக்கன்மாவைக் கலக்கலாம். மதியத்துக்குக் குத்தரிசி, கோப்பையில் பாதிக்கு மரக்கறி. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், சூடையும் நெத்தலியும், கிழமையில் ஒருநாள் ஒடியல் கூழ். மாமிக்கு இதெல்லாம் கைவந்தது. தேங்காயை வீட்டைவிட்டு விரட்டச் சொல்லமாட்டேன். ஆனால் புட்டிலும் தேங்காய், சொதியிலும் கட்டிப்பால், சம்பலிலும் தேங்காய் என்று ஒரே வேளையில் மூன்று வேண்டாம். ஒன்றுக்கு முதற்பால் என்றால் மற்றதற்குத் தண்ணிப்பால். மிக்சர், ஊறுகாய், கருவாடு, உடனடி நூடில்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பு அழுத்தத்தை ஏற்றும்.

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்கள் கொண்டுவரும் கண்டோஸ் பெட்டிகளைக் கோயிலுக்கும் அயலட்டைக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். குளிரூட்டியில் இருந்தால் யாரும் தப்பமுடியாது, பெரியவர்களே தப்புவதில்லை.

இதெல்லாம் அவனுக்கு மட்டும் என்றால் நடக்காது. தங்கச்சிக்குப் பிஸ்கட், இவனுக்குக் கடலை என்று பிரித்தால் அவன் ஒளித்துச் சாப்பிடப் பழகுவான். முழு வீடும் ஒரே சாப்பாடு. "குண்டன்", "தடியன்" என்று சித்தப்பாமார் பகிடிக்குக்கூடச் சொல்லக்கூடாது. கேலி பிள்ளையை மெலிய வைத்து நான் கண்டதில்லை. விளையாட்டு மைதானத்தில் இருந்து ஒதுங்கவைத்துத்தான் கண்டிருக்கிறேன்.

மைதானம் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பிள்ளை நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது மூச்சு வாங்க ஓடி ஆடவேண்டும். காலை ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேர ரியூசன், சனி ஞாயிறு முழுநாள் என்றால் அந்த ஒரு மணித்தியாலம் எங்கே? எங்கள் ஒழுங்கைகளில் கிளித்தட்டுக் கோடு கீறிப் பின்னேரம் ஆறரை வரைக்கும் ஓடிய காலம் ஒன்று இருந்தது. புலமைப்பரிசில் முடிந்துவிட்டது, சாதாரண தரத்துக்கு இன்னும் நாலைந்து ஆண்டு இருக்கிறது. ஒரு பாடத்து ரியூசனை நிறுத்தி மைதானத்துக்கு விடுங்கள் என்று நான் எழுத்தில் தருகிறேன். மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவதையும் நிறுத்துங்கள். யாழ்ப்பாணம் மேடுபள்ளம் இல்லாத ஊர், எரிபொருள் இல்லாத காலத்தில் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. பெரிய வீதியைத் தவிர்த்து ஒழுங்கையால் போகட்டும், வெயில் தாழ. இரவில் கைபேசி அவன் அறையில் வேண்டாம். இந்த வயதுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை வேண்டும், நித்திரை குறைந்தால் பசி கூடும்.

பெண்பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சாமத்தியப்பட்டதும் முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்று மாதக்கணக்கில் ஊட்டி, அன்றோடு ஓட்டத்தையும் சைக்கிளையும் நிறுத்திவிடுகிறோம். சடங்கு உங்கள் விருப்பம். விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

பரிசோதனைக்கு எங்கே போவது என்றால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முதலில் போங்கள். பள்ளிக்கூடத்தில் தந்த துண்டைக் கொண்டுபோனால், தேவைப்பட்டால் போதனா வைத்தியசாலைக் குழந்தை வைத்தியரிடம் அனுப்புவார்கள். பணம் தேவையில்லை. இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ரரோல், ஈரல் பரிசோதனை ஆகியவை பார்ப்பார்கள். அழுத்தம் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டி அவன் கைக்கு அளவானதா என்று தயங்காமல் கேளுங்கள். சிறிய பட்டி சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். எக்கோ, ஸ்கான் என்று நீங்களாகவே தனியாரிடம் செலவழிக்கவேண்டாம். அழுத்தம் உயர்ந்திருந்தால் அவர்களே எழுதுவார்கள். ஓடும்போது நெஞ்சு நோகிறது, மயங்கி விழுந்தான் என்றால் மட்டும் கிளினிக் நாளைப் பாராமல் அன்றே கொண்டுபோங்கள்.

போகும்போது அவன் பிறந்தபோது குடும்பநல உத்தியோகத்தர் தந்த வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற வைத்தியர் 1989இல், குறைந்த நிறையோடு பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் இதயநோயால் கூட இறந்ததைப் பழைய பதிவேடுகளில் இருந்து காட்டினார். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்: சிறிதாகப் பிறந்து, பிறகு கிடுகிடென நிறை ஏறும் பிள்ளையின் உடல்தான் சீனியைக் கையாளக் கூடுதலாகத் திணறும். மகன் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் வைத்தியரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல அறைகளில் அதை யாரும் கேட்பதில்லை. எந்த வயதில் அவனுடைய நிறைக்கோடு மேலே ஏறத் தொடங்கியது என்பதையும் அந்தப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு வீட்டில் என்ன மாறியது என்று உங்களுக்கே நினைவு வரும். பரிசோதனை முடிவுகள் கிடைத்ததும் அதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.